பின்கட்டு ஆத்தோட போன சேதி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுறேன். இங்க நானும் அப்பாவும் கை கால் சுகத்தோட நல்லா இருக்கோம், அதை முதல்ல மனசுல வாங்கிக்கிட்டு அப்புறமா மிச்சத்தைப் படி. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சௌக்கியமா இருக்கணும், அவ தத்தித் தத்தி நடக்குறாளாமே, விழுந்தா உடனே ஓடிப் போய்த் தூக்காத, தானா எழுந்திருக்கட்டும். போன்லயே சொல்லியிருக்கலாம், ஆனா நீ பதறுவ, நீ பதறினா நானும் அழுதுருவேன், அதான் எழுதுறேன். நம்ம வீட்டுப் பின்கட்டு ஆத்தோட போயிருச்சு கண்ணு. சமையல்கட்டு, நீ படிச்ச அறை, துவைக்கிற கல் எதுவும் இல்ல. முன்கூடம் மட்டும் நிக்குது.

இந்த வருஷம் வெள்ளம்கூட பெருசா இல்ல. ரெண்டு நாள் கலங்கலா ஓடிட்டு வடிய ஆரம்பிச்சுது, நானும் அப்பாடான்னு கொடியில துணி காயப்போட்டேன். உங்கப்பா அப்போதான் பாத்திரம் பண்டத்தை எல்லாம் முன்கூடத்துக்குத் தூக்குறாரு. ஏங்க, தண்ணி இறங்கின பிறகா இந்தக் கூத்துன்னு கேட்டேன். ஏறுறப்போ தண்ணியே கரையைத் தாங்கிப் பிடிச்சிருக்கும், இறங்குறப்போதான் ஊறின மண்ணு கனம் தாங்காம சரியும்னாரு. முப்பது வருஷம் ஆத்து மட்டம் அளந்து சம்பளம் வாங்கின மனுஷன் சொல்றாரேன்னு நானும் அரைமனசா அரிசி டப்பாவைத் தூக்கினேன். வடிய ஆரம்பிச்ச மூணாம் நாள் மத்தியானம் மூட்டையைப் போட்ட மாதிரி தொப்புனு ஒரு சத்தம், எட்டிப் பார்த்தா துவைக்கிற கல்லைக் காணோம். பொழுது சாயுறதுக்குள்ள உன் அறைச் சுவர், களைச்சுப் போனவங்க உட்கார்ற மாதிரி மெதுவா உட்கார்ந்து, ஜன்னலோட சரிஞ்சு, சமையல்கட்டையும் கூட்டிக்கிட்டுப் போச்சு. உன் புத்தகத்தை எல்லாம் முந்தின நாளே எடுத்துட்டோம், கவலைப்படாத.

நான் கல்யாணமாகி வந்தப்போ பின்வாசல்ல இருந்து ஆத்துக்கு எண்பது அடி. படித்துறை நீ பிறக்கிறதுக்கு முன்னாடியே போயிருச்சு. அப்புறம் கொய்யா மரம், வேரெல்லாம் வெளிய தொங்க ஒரு வருஷம் தண்ணியைப் பார்த்துக் குனிஞ்சே நின்னுச்சு, அந்த வருஷம்தான் காய்ச்சுத் தள்ளுச்சு, நீ தின்னு தின்னு வயித்து வலின்னு படுத்துக்கிட்ட. ஆறு திரும்புற இடத்துல வெளிப்பக்கம் நம்ம வீடு, தண்ணி வேகமா வந்து மோதி அடிமண்ணை அரிச்சிரும், மேல் மண்ணு அந்தரத்துல நிக்கும்னு அப்பா சொல்லிக்கிட்டே பத்தடிக்கு ஒரு முளை அடிச்சு, வருஷா வருஷம் கடைசி முளையில இருந்து கரை விளிம்பு வரைக்கும் டேப் பிடிச்சு நோட்டுல எழுதுவாரே. உனக்கு ஒன்பது வயசுல, அப்பா முகம் வாடுறதைப் பார்த்துட்டு, கடைசி முளையைப் பிடுங்கி ஒரு முழம் வீட்டுப் பக்கமா நட்டு வெச்சியாம். ஆறு அந்த வருஷம் எதையும் எடுக்காத மாதிரி காட்டுறதுக்கு. எனக்கே இப்பத்தான் சொன்னாரு. ஈர மண்ணுல உன் காலடி இருந்துச்சாம். நீ பக்கத்துலயே நின்னு பார்த்துக்கிட்டு இருந்தியாம், அதனால அந்த அளவையே எழுதிட்டாராம், தெரிஞ்சே தப்பா எழுதினது வாழ்க்கையில அது ஒண்ணுதான்னு சொல்றப்போ கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டாரு.

சுவர் விழுந்த மறுநாள் காலையில வாசல்ல உன் பெரியப்பா. பாகம் பிரிச்சப்போ உங்கப்பா மேடான நம்ம கரையை எடுத்துக்கிட்டு, எதிர்க்கரையில சேத்து நிலத்தை அவருக்குத் தள்ளிட்டாருன்னு இருபத்திரண்டு வருஷமா முகம் பார்க்காதவரு, தானே படகு தள்ளிக்கிட்டு வந்து நின்னாரு. காப்பி கொடுத்தேன், குடிச்சாரு. அப்புறம், அங்க மணல் ஒதுங்கி ஒதுங்கி என் நிலம் ரெண்டு மடங்காயிருச்சு, எல்லாம் உன் மண்ணுதான்டா, பாதியில வீடு கட்டிக்கோன்னாரு. உங்கப்பா வாயை மூடிக்கிட்டு இருக்க வேண்டியதுதானே. இல்லண்ணே, இங்க விழுற மண்ணு நேரா உங்க கரைக்கு வராது, கீழ அடுத்த திருப்பத்துல போய்ப் படியும், உங்களுக்கு வந்தது மேல யாரோ இழந்ததுன்னு அளந்து பேசுறாரு! பெரியப்பா டம்ளரைக் கீழ வெச்சாரு. மண்ணு எங்க இருந்து வந்தா என்னடா, நீ வா, அந்தச் சேத்துல நான் தனியா கிடந்தது போதும்னாரு. உங்கப்பா அண்ணே, நான் அன்னிக்குத் தெரிஞ்சேதான் மேட்டை எடுத்தேன்னாரு. தெரியும்டான்னாரு பெரியப்பா. அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து பீரோவைத் தூக்கினாங்க.

இப்போ எதிர்க்கரையில பெரியப்பா வீட்டை ஒட்டின அறையில இருக்கோம். எங்க வீடு கட்டுறதுன்னு அண்ணனும் தம்பியும் தினம் சண்டை, கரையை விட்டு முந்நூறு அடி தள்ளணும்னு இவரு, அவ்வளவு தூரம் போனா நீ எனக்குப் பக்கத்து வீடே இல்லைன்னு அவரு.

மாத்திரையை நேரத்துக்குச் சாப்பிடு, குளிர்ல தலைக்குக் குளிக்காத. உங்க ரெண்டு பேருக்கும் என் ஆசீர்வாதம், குட்டிக்கு முத்தம். புது விலாசம் பின்பக்கம் இருக்கு, மறக்காம எழுதி வெச்சுக்கோ. லீவு கிடைச்சதும் வாங்க. உன்னை ஒரு நாள்கூட ஆத்துல கால் வைக்க விடாம, கத்திக் கத்தியே வளர்த்துட்டேன். இந்தக் கரை சரிவா, கணுக்கால் அளவு தண்ணியா, மணலா இருக்குடி. நீயும் காலை நனைக்கலாம்.

என்றும் உன் நினைவா இருக்கிற,
அம்மா