தொட்டிக்கு மேற்கே

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் பினாங்கில் நலம். வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

அலுவலகத்தில் ஒரு சின்ன விஷயம் நடந்தது. விமானத்திலிருந்து எடுத்த பழைய படம் ஒன்றில், ரப்பர் மரங்களுக்கு நடுவே வரிசையாக வெள்ளைப் புள்ளிகள். படத்தில் இருப்பது என்னவென்று குறிப்பெழுதுவதுதான் எங்கள் வேலை; இது எந்த இடமென்று யாருக்கும் தெரியவில்லை.

“கோழிக் கூண்டுதான்லா, எழுதிடு,” என்றார் என்னோடு வேலை செய்யும் ஜெகதீஸ்வரி அக்கா.

“இல்லக்கா, சமாதிங்க. தீபாவளிக்கு முன்னாடி சுண்ணாம்பு அடிச்சிருக்காங்க.”

“என்னமோ அங்கயே இருந்த மாதிரி பேசுற!”

“எங்கம்மா அங்கதான் இருக்காங்கக்கா.”

அவர் படத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

ஓரத்தில் நம் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. தோட்டம் போய் வீடுகள் வந்த பிறகும் நிற்கிறதே, அதே தொட்டிதான். அம்மாவைப் புதைத்ததாக நீங்கள் சொல்லும் கடைசி வரிசை அதற்கு மேற்கே இருக்கிறது. நாம் இத்தனை வருடமும் கிழக்கே படைத்திருக்கிறோம். வருத்தப்படாதீர்கள் அப்பா, மரங்களை வெட்டிய பிறகு யாருக்குத்தான் இடம் தெரியும்?

அலுவலகத்தில் ஏர்கோன் குளிர் அதிகம். அம்மாவின் பழைய சேலை ஒன்று இருந்தால் அனுப்புங்கள், போர்த்திக்கொள்கிறேன்.

ஃபெரிக்கு நேரமாகிவிட்டது. படத்தின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். அம்மா இருக்கும் இடத்தில் இப்போது பஸ் நிறுத்தம் இருக்கிறது. நான் கிளம்பிய அன்று பெட்டியோடு நாம் இருவரும் நின்றோமே, அங்கேதான்.

உங்கள் மகள்
தர்ஷினி