பூக்காரியைக் கடித்த நாள்

செவ்வாய், இரவு

நான் ரத்தக்காட்டேரி டாக்டராக ஆடும் வீடியோ கேமில் இன்று பூக்காரியைக் கடித்துவிட்டேன். மூன்று வாரமாகத் தொடாமல் காப்பாற்றி வைத்திருந்தவள். கடிக்காவிட்டால் பலம் ஏறாது, சண்டையில் செத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அதிலும் யாரிடம் நிறையப் பேசி அவர் கதையைத் தெரிந்துகொள்கிறோமோ, அவர் ரத்தத்துக்குத்தான் பலம் அதிகம். இதை யோசித்தவன் கெட்டிக்காரன். ஆனால் சண்டை படுமோசம். கேம் தானாகவே சேவ் ஆகிவிடுகிறது. பழைய இடத்துக்குத் திரும்பி அவளை மீட்க வழியே இல்லை.

காலையில் மாட்டுங்காவில் இருக்கும் மாமிக்கு ரத்தம் எடுக்கப் போனேன். எட்டு மாதமாக லேப்பிலிருந்து அந்த வீட்டுக்கு நான்தான் போகிறேன். இன்று நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்தினேன். வலி தெரியாமலிருக்க, வழக்கம்போலப் பேரனைப் பற்றிக் கேட்டேன். மாமி பேசிக்கொண்டே கையை நீட்டியிருந்தார். முடிந்ததும் கேட்டார்.

"போன மாச ரிப்போர்ட் தேவலையாடி? நீயாவது சொல்லேன். ஆத்துல எல்லாரும் மழுப்பறா."

போன மாத ரிப்போர்ட்டை நான் பார்த்திருக்கிறேன்.

"டாக்டர்தான் சொல்லணும், மாமி," என்று பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

கேமில் ஒருவரை உற்றுப் பார்த்தாலே என்ன நோய் என்று தெரிந்துவிடும். மருந்து கலந்து கொடுத்தால் மறுநாள் எழுந்து நடப்பார்கள். எனக்கு அதில் பிடித்ததே அதுதான்.

அடுத்த மாதமும் மாமி வீட்டுக்கு நான்தான் போக வேண்டும். பேரன் கதையெல்லாம் கேட்டாகிவிட்டது. இனி வேறு எதையாவது கேட்க வேண்டும்.