பங்கு விஷயமாக

ஓசூர்
3-8-2025

அன்புள்ள அக்காவுக்கு ஜெகன் எழுதுவது.

நானும் சசிரேகாவும் பூஜாவும் நலம். உன் காது இப்போது எப்படி இருக்கிறது? போனில் நான் கத்துகிற கத்தலுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்ததுதான் மிச்சம். அதனால் மறுபடியும் கடிதத்துக்கே வந்துவிட்டேன். பொங்கல் வரிசையில் அனுப்பிய பச்சைப் புடவையை நீ இன்னும் பெட்டியிலேயே வைத்திருக்கிறாய் என்று பக்கத்து நிலத்துப் பாண்டுரங்கன் சொன்னான். எடுத்துக் கட்டு அக்கா. வைத்திருந்து என்ன ஆகப் போகிறது?

இங்கிலீஷாக எழுதித் தள்ளுகிறேன் என்று போன கடிதத்துக்குக் கோபித்துக்கொண்டாய். இந்தத் தடவை நல்ல தமிழிலேயே எழுதுகிறேன்.

பங்கு விஷயமாக ஒரு முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. கம்பெனி கேன்டீனில் பத்து நாளாக இதே பேச்சு. என்னோடு சேர்ந்தவர்கள் எல்லாம் கேட்டு வாங்கப் போகிறார்கள். பத்தொன்பது வருஷமாக அடுத்தவன் வண்டிக்கு நட்டு முடுக்குகிறேன். முன்பு டீசல் வண்டி, இப்போது பேட்டரி கார், அவ்வளவுதான் மாற்றம். எனக்கென்று ஒரு பங்கு இருக்க வேண்டாமா? அடுத்த மாதம் பத்தாம் தேதிக்குள் சொல்லியாக வேண்டும். உன்னைக் கேட்காமல் நான் எதையும் செய்ததில்லை. யோசித்து எழுது. எனக்கு ரொம்ப அலுப்பாக இருக்கிறது அக்கா.

உன் தம்பி
ஜெகன்

சாலவாக்கம்
9-8-2025

அன்புத் தம்பிக்கு அக்காவின் ஆசிகள்.

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். என்றைக்காவது கேட்பாய் என்று தெரியும். நைனா போய்ப் பதினாலு வருஷம் நீ வாய் திறக்காமல் இருந்ததே பெரிது. ஆனால் கேன்டீனில் பத்து நாள் பேசி முடித்துவிட்டு என்னிடம் வந்திருக்கிறாயே, அதுதான் வலிக்கிறது. நேரில் வந்து கேட்டிருந்தால் சோறு போட்டு எழுதிக் கொடுத்திருப்பேன்.

புருஷன் வீட்டிலிருந்து நாலாம் வருஷமே திரும்பி வந்தவளை ஏரிக்குக் கீழே இருக்கிற அந்த ஒன்றரை ஏக்கர்தான் தாங்கியது. அதில் நீ வருஷத்துக்கு ஒரு மூட்டை அரிசிக்கு மேல் கேட்டதில்லை. உன் பாதி உன்னுடையதுதான். அதை நான் மறுக்கவில்லை.

வரப்பில் உட்கார்ந்திருந்தேன். பாண்டுரங்கன் வந்து என் காதருகே கத்தினான். "இன்னாக்கா, தம்பி பங்கு கேக்குதா? அதுக்கு இன்னாத்துக்கு மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு கீற? இன்னிக்கி இல்லாட்டி நாளிக்கி கேக்கத்தானே போவுது!" அவன் சொல்வதும் நியாயம்தான்.

உத்திரமேரூரிலிருந்து பதினெட்டாம் தேதி சர்வேயர் வருகிறார். மூத்தவர் பிரிக்க வேண்டும், இளையவர் எடுக்க வேண்டும் என்பதுதான் நம் வழக்கம். பிரித்துவிட்டேன். மதகுப் பக்கம் மேல்பங்கு. வேப்பமரத்துப் பக்கம் கீழ்ப்பங்கு. மேல்பங்கு நிரம்பிய பிறகுதான் கீழே தண்ணீர் வரும் என்பது உனக்குத் தெரியும். எது வேண்டும் என்று எழுது.

உன் அக்கா
ஆதிலட்சுமி

ஓசூர்
13-8-2025

அன்புள்ள அக்காவுக்கு,

தலையில் அடித்துக்கொண்டேன். நான் கேட்டது நிலத்தில் பங்கு இல்லை! கம்பெனி ஷேர்! எங்கள் கார் கம்பெனி முதல் தடவையாகப் பங்குச் சந்தைக்கு வருகிறது. வேலை செய்கிறவர்களுக்கென்று கொஞ்சம் ஒதுக்கி, விலையிலும் தள்ளுபடி தருகிறார்கள். அதை வாங்கலாமா, வேண்டாமா என்றுதான் உன்னைக் கேட்டேன். இங்கிலீஷ் வேண்டாம் என்றாயே என்று ஷேரைப் பங்கு என்று எழுதப்போக, வம்பாகிவிட்டது. சசிரேகா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சிரித்து முடித்தோம். அப்புறம் அவள்தான் சொன்னாள். "அவங்களே குடுக்கிறேன்னு சொல்றாங்க, நீ ஏன் வாணாங்கிற?" இருந்த சேமிப்பு பூஜாவின் காலேஜுக்குப் போய்விட்டது. பங்கு வாங்க என் கையில் ஒன்றும் இல்லை என்பதை உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது?

எழுதக் கூச்சமாக இருக்கிறது. சர்வேயர் வரவில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடு. வந்து அளந்துவிட்டார் என்றால், இருக்கட்டும்.

உன் தம்பி
ஜெகன்

சாலவாக்கம்
20-8-2025

அன்புத் தம்பிக்கு,

சர்வேயர் வந்தார். கல் நட்டாகிவிட்டது. உன் கடிதம் அதற்கு அடுத்த நாள் வந்தது.

முதல் பாதியைப் படித்துவிட்டு வரப்பிலேயே வாய்விட்டுச் சிரித்தேன். "இன்னாக்கா, தனியா சிரிச்சிக்கினு கீற?" என்று பாண்டுரங்கன் ஓடி வந்தான். கல்லைப் பிடுங்கச் சொல்லி அவனைக் கூப்பிடத்தான் இருந்தேன். அதற்குள் மறுபாதியையும் படித்துவிட்டேன்.

'கல்லைப் பிடுங்கிப் போடு அக்கா' என்று ஒரு வரி இருக்கும் என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இல்லை. நீ கேட்டதாக நினைத்துக் கொடுத்தேன். கேட்கவில்லை என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொள்கிறாய். முதல் கடிதத்தில் நிஜமாகவே கேட்டிருந்தால் இவ்வளவு மனம் விட்டுப் போயிருக்காது.

பங்குச் சந்தையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஏரியில் தண்ணீரைப் பார்த்து நாற்று விடுகிறவள் நான். மேகத்தைப் பார்த்து விடுகிறவர்களும் பிழைக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஒன்று மட்டும் சொல். நீ பூட்டுகிற அந்தக் காரை நீ காசு கொடுத்து வாங்குவாயா? வாங்குவேன் என்றால் பங்கும் வாங்கு.

மேல்பங்கா, கீழ்ப்பங்கா? அதையும் எழுது.

உன் அக்கா
ஆதிலட்சுமி

ஓசூர்
27-8-2025

அன்புள்ள அக்காவுக்கு,

கார் வாங்க மாட்டேன். நான் குடியிருக்கிற மாடியில் அதற்குச் சார்ஜ் போட வழியில்லை. வழி இருந்தாலும் அதன் விலைக்கு நான் எங்கே போவேன்? ஆனால் பங்கு வாங்கப் போகிறேன். இதையும் விட்டால் நட்டு முடுக்கினவன் என்ற பேரோடு ரிட்டயர் ஆகிவிடுவேன். எல்லாவற்றுக்கும் கடைசியில் போய் நின்று நின்று சலித்துப் போச்சு.

என் பாதியை விற்றுத்தான் காசு புரட்ட வேண்டும் என்று பாண்டுரங்கனிடம் போனில் பேசினேன். மதகு தன் பக்கம் வருவதானால்தான் வாங்குவேன் என்கிறான். கீழ்ப்பங்கை வாங்க ஆளில்லை.

மேல்பங்கு, அக்கா. மன்னித்துக்கொள்.

ஜெகன்

சாலவாக்கம்
12-1-2026

ஜெகனுக்கு,

நீ அனுப்பிய பொங்கல் வரிசை வந்து சேர்ந்தது. பிரிக்கவில்லை.

உன் கம்பெனிப் பங்கு முதல் நாள் ஏறியதாம். இப்போது நீ வாங்கிய விலைக்கும் கீழே கிடக்கிறதாம். போனில் பார்த்துப் பாண்டுரங்கன் சொன்னான். திரும்பவும் ஏறட்டும். அது விழுந்தால் எனக்கு நிலம் திரும்பியா வரப்போகிறது? பூஜா படிப்பை நல்லபடியாக முடிக்கட்டும்.

பாண்டுரங்கன் மேல் குறை சொல்ல மாட்டேன். "ஒனக்கு இல்லாத தண்ணியாக்கா?" என்றுதான் சொல்கிறான். தன் நடவு முடிந்த பிறகு திறந்துவிட்டான். அதற்குள் என் நாற்று முற்றிப் போயிற்று. இந்தப் போகம் பாதிதான் நட்டேன். உன் மேலும் கோபம் இல்லை. கோபப்படத் தெம்பும் இல்லை.

ஒன்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். நிலத்தைப் பங்கு போட்டுக்கொண்டவர்களுக்கு ஊரில் பங்காளி என்றுதான் பேர். பொங்கல் வரிசை அக்காவுக்கு வைப்பது. பங்காளிக்கு யாரும் வைப்பதில்லை.

அதனால் வந்த பார்சலை அப்படியே உத்திரமேரூர் தபாலாபீஸில் திருப்பிப் போட்டுவிட்டேன். போன வருஷத்துப் பச்சைப் புடவையையும் அதோடு சேர்த்துக் கட்டியிருக்கிறேன். சசிரேகா கட்டிக்கொள்ளட்டும். மடிப்புக்கூடக் கலையவில்லை.

இப்படிக்கு
ஆதிலட்சுமி