சீசன் மாதத்துப் பென்சில் புள்ளிகள்

6.10.2008, திங்கள்

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளந்தது. விருதுநகரில் பஸ் லேட். பெருநாள் பிரியாணி தின்ற வயிறு இன்னும் சரியாகவில்லை.

கல்லூரியில் சென்னைக் கம்பெனிக்காரர் ஒருவர் புரொஜெக்டரில் படம் காட்டினார். புது சாஃப்ட்வேர். வருகையையும் மார்க்கையும் போட்டால், எந்தப் பிள்ளை படிப்பைப் பாதியில் விடும் என்று முன்கூட்டியே சொல்லுமாம். பச்சை, மஞ்சள், சிவப்பு. “இனிமே நீங்க யோசிக்கவே வேண்டாம் சார்.” முதல்வர் வாயைப் பிளந்து பார்த்தார். நானும்தான். புள்ளியியல் வாத்தியார் என்பதால் பொறுப்பு என் தலையில். உள்ளுக்குள் பெருமை.

வாங்க வேண்டியது: மிக்சி பிளேடு, மகளுக்கு இரட்டைக்கோடு நோட்டு.

8.10, புதன்

நாள் முழுக்கப் பதிவேடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை. கண் எரிச்சல்.

எங்கள் கல்லூரியில் ஒரு பழக்கம். தீபாவளி சீசனில் பாதிப் பிள்ளைகள் பட்டாசுக் கம்பெனிக்கு லேபிள் ஒட்டவும், அச்சகத்தில் காலண்டர் விளிம்புக்குத் தகரப்பட்டை அடிக்கவும் போய்விடுவார்கள். அவர்களுக்கு ஆப்சென்ட் போடுவதில்லை. பென்சிலால் ஒரு புள்ளி. தீபாவளி முடிந்து வந்து, சனிக்கிழமை வகுப்புகளில் ஈடுகட்டியதும் புள்ளி மேல் பேனாவால் வருகை. எந்த விதியிலும் இல்லை. எல்லாருக்கும் தெரியும்.

நானும் ஒரு காலத்துப் புள்ளிதான். இதே கல்லூரியில் படிக்கையில் மாமாவின் அச்சகத்தில் மூன்று வாரம். திரும்பி வந்த அன்று சட்டையெல்லாம் மை வாசனை. பெஞ்சில் எட்டுப் பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து, விட்ட பாடத்தை ஒரே நோட்டில் பார்த்து எழுதினோம். அந்த நவம்பர்களைப் போல் பிறகு எதுவும் வாய்க்கவில்லை.

சாஃப்ட்வேரில் இரண்டே கட்டம். வந்தார், வரவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. எல்லாப் புள்ளியையும் ‘வரவில்லை’ என்று போட்டேன். பிறகு திருத்திக்கொள்ளலாம்.

10.10, வெள்ளி

பட்டியல் வந்தது. சிவப்பு மட்டும் இரண்டு பக்கம். நான் திருத்துவதற்குள் முதல்வர் பெற்றோர்களுக்குக் கடிதம் அச்சடித்துத் தபாலில் சேர்த்துவிட்டார். ‘தங்கள் பிள்ளை படிப்பை முடிக்கும் வாய்ப்பு மிகக் குறைவு எனக் கணினி கணித்துள்ளது.’ எல்லாரும் எனக்குக் கைகொடுத்தார்கள். இரண்டாவது டீ. திருத்த வேண்டும் என்று சொல்ல வாய் வரவில்லை. பெயர்களைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை.

15.10, புதன்

சாரல். குடை பஸ்ஸிலேயே போய்விட்டது.

தமிழ்த்துறை டீச்சர் நேரே என் மேஜைக்கு வந்தார். “ஏன் சார், பாண்டீஸ்வரியவா சிவப்புல போட்டீக? உங்க கிளாஸ்ல மொத மார்க்கே அவதான? அவுக அப்பா படிப்ப நிப்பாட்டப் போறாராம்.”

பதிவேட்டைப் புரட்டினேன். அவளும் ஒரு பென்சில் புள்ளி. முதல்வரிடம் ஓடினேன். தப்பு என்னுடையது, மறுப்புக் கடிதம் அனுப்புவோம் என்றேன். “அனுப்புனதத் திரும்ப வாங்குனா காலேஜ் மானம் என்னாகும்? தீபாவளி கழியட்டும்” என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன். கோழை.

19.10, ஞாயிறு

திருத்தங்கல். பாண்டீஸ்வரி வீடு. அவள் அப்பாவுக்கு இன்று லீவு. பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் பார்க்கிறவர்.

“வாங்க சார், உக்காருங்க. சாப்பிட்டீகளா?”

கடிதத்தை எடுத்து வந்தார். மஞ்சள் பையில் மகளின் கம்ப்யூட்டர் ஜாதகத்தோடு சேர்த்து வைத்திருந்தார்.

“ரெண்டும் கம்ப்யூட்டர் போட்டதுதான சார். ஜாதகத்துல சொன்னது அம்புட்டும் நடந்துச்சு. முடிக்க மாட்டாள்னு தெரிஞ்சப்புறம் எதுக்குப் பிள்ளைய அலைக்கழிக்கணும்? கம்பெனில நிரந்தரமா எடுத்துக்கிடுதோம்னு சொல்லுதாக.”

அது ஜாதகம் இல்லை, நான் தப்பாகப் போட்ட கணக்கு என்றேன். இரண்டு முறை சொன்னேன். நானே எழுதிக் கையெழுத்திட்ட கடிதத்தையும் நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுல காலேஜ் சீல் இல்லையே சார்.”

பாண்டீஸ்வரி கதவருகில் நின்றிருந்தாள். நகக்கண்ணில் பசை காய்ந்திருந்தது. “நா வருவேன்னு உங்களுக்குத் தெரியாதா சார்?” என்று மட்டும் கேட்டாள்.

தெரியும். நன்றாகத் தெரியும். செருப்பைத் தேடினேன்.

27.10, திங்கள்

தீபாவளி. பக்கத்து வீட்டிலிருந்து அதிரசம், முறுக்கு. மகளுக்குக் கம்பி மத்தாப்பு போதவில்லையாம். நான் வெளியே போகவில்லை.

3.11, திங்கள்

கல்லூரி திறந்தது. சீசன் முடிந்து பிள்ளைகள் கூட்டமாக வந்தார்கள். புதுச்சட்டை, ஒரே சிரிப்பு. “ஏலே, நகந்து உக்காருலே!” பழைய நாள் மாதிரியே இருந்தது. பாண்டீஸ்வரி பெயரை இரண்டு தடவை கூப்பிட்டேன். பின்பெஞ்சிலிருந்து ஒரு பெண், “அவ கம்பெனி வேன்ல போறா சார்.”

மத்தியானம் சென்னைக்காரர் போன். குரலில் அவ்வளவு உற்சாகம். சிவப்பில் இருந்த முக்கால்வாசிப் பேர் திரும்பி வந்துவிட்டார்களே என்றேன்.

“கடிதம் வேலை செஞ்சிருக்கு சார்!”

வராதவர்கள்?

“அது கணிப்பு சரின்னு அர்த்தம் சார்.” காலையில் நான் ஏற்றிய வருகையைப் பார்த்து, வராதவர்கள் பட்டியலை அவரே வாசித்தார். முதல் பெயர் பாண்டீஸ்வரி. வாழ்த்துச் சொன்னார்.

பழக்க தோஷத்தில் நானும் தேங்க்ஸ் சொல்லிவிட்டேன்.