புலிக்கு வீடு கட்டியதற்குத் துண்டு

பம்பாய்
12-7-1961

முப்பிடாதிக்குத் தளவாய் எழுதிக்கொள்வது. நான் சுகம். உன் சுகத்தையும் அம்மாவின் மூட்டுவலியையும் பற்றி எழுதவும். குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டதா? நம் வீட்டுத் தெற்குச் சுவரில் இந்த வருஷமும் தண்ணீர் இறங்குகிறதா?

எங்களுக்கு வேலை கொடுக்கும் சேட்டின் மிருகப் பூங்காவில் புலிக்கு வீடு கட்டி முடித்துவிட்டோம். கம்பி கிடையாது. ஆழமான பள்ளம், உள்ளே ஒரு குகை, புலி குளிக்கச் சின்ன அருவி. குகைக்குள் ஒரு சொட்டு ஒழுகாது. நான் பூசியது.

நம் ஊரில் வீடு முடிந்தால் கொத்தனாருக்கு வேட்டி துண்டு வைத்துக் கொடுப்பார்கள். அந்த நினைப்பில் திறப்பு விழாவுக்குக் குளித்துத் தலைசீவிப் போய் நின்றேன். சேட் என்னைப் பள்ளத்தில் இறக்கிவிட்டு ஏணியை எடுக்கச் சொன்னார். புலி இன்னும் வரவில்லை. வந்தால் ஏறித் தப்பாது என்று விருந்தாளிகளுக்குக் காட்ட வேண்டுமாம். சுவரை வழவழவென்று தேய்த்தவனே நான்தான். ஏற ஏற வழுக்கி விழுந்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். நீ பயப்படாதே, முழங்கையில் சிராய்ப்புதான்.

கடைசியில் என்னோடு வேலை செய்யும் கீழப்பாவூர் பீர் மைதீன்தான் ஏணி போட்டான். "ஒன் வேலை அம்புட்டுச் சுத்தம்லா, ஒனக்கே பிடி கிடைக்கல பாத்தியாலே" என்றான். நானும் சிரித்துவைத்தேன்.

அடுத்தது கரடிக்கு. தீபாவளிக்கு ஊருக்கு விடமாட்டார்கள்.

வேலைக்கு மணி அடித்துவிட்டது. சுரண்டைக் கடையில் ஒரு துண்டு வாங்கி, ஓரத்தில் மஞ்சள் தடவி அனுப்பு. யார் வைத்துக் கொடுத்தது என்று இங்கே கேட்டால், புலி கொடுத்தது என்று சொல்லிக்கொள்கிறேன்.

தளவாய்