மாதக் கடைசியில் உறைந்த கைகள்

மச்சாள்,

இன்று பின்னேரம் துறைமுகத்தின் மேல் மழை இருட்டு இறங்கிக்கொண்டிருந்த நேரம், வீட்டு இன்ரநெற்றின் இந்த மாதப் பங்கு முடியப்போகிறது என்று போனுக்குச் செய்தி வந்தது. கையிலிருந்த அகப்பையை வைத்துவிட்டு நேரே ஹோலுக்குப் போய், சின்னவன் பார்த்துக்கொண்டிருந்த கிரிக்கெட்டை நிறுத்தச் சொன்னேன். அறைக்குள் மகளிடமும் சொன்னேன். இரண்டு பேரும் மறுபேச்சில்லாமல் நிறுத்தினார்கள். நீங்கள் போய் இத்தனை மாதமாகியும் இந்த வீட்டைவிட்டு அந்தப் பழக்கம் போகவில்லை.

ஜன்னலுக்கு வெளியே பெரிய கப்பல் ஒன்று சத்தமேயில்லாமல் உள்துறைமுகத்துக்குள் வந்துகொண்டிருந்தது. உங்களுக்கு உலகம் முழுவதும் இப்படித்தான் நகர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

இந்த ஓர்ஸ் ஹில் வீட்டுக்கு நான் கலியாணமாகி வந்த நாளில் உங்கள் தம்பி என்னிடம் சொன்னது ஒன்றுதான். அக்காவுக்குக் காது கேளாது, ஆனால் அவவுக்குத் தெரியாமல் இங்கே எதுவும் நடக்காது என்றார். முதல் கிழமையிலேயே நீங்கள் என்னைக் குசினிக்குள் இழுத்து வைத்துக் கையால் கதைக்கப் பழக்கத் தொடங்கினீர்கள். உப்பு, உறைப்பு, கடல், கோபம். பிழையாகக் காட்டினால் என் விரல்களைப் பிடித்து மடக்கித் திருத்துவீர்கள். உங்கள் விரல் நுனிகளில் எப்போதும் தையல் மெஷின் எண்ணெய் மணக்கும்.

பெருந்தொற்றுக் காலத்தில் மகளின் வகுப்புகளுக்காகத்தான் வீட்டுக்கு ரவுட்டர் வந்தது. மாதத்துக்கு இவ்வளவுதான் என்று அளந்து தருகிற பக்கேஜ். அதற்கு மேலானது எங்கள் சம்பளத்துக்கு எட்டாது. அளவு முடிந்தால் இணைப்பு அறுந்துபோவதில்லை, தூங்கிவிடும். எழுத்து வரும், படம் வராது. ஆரம்பத்தில் எங்களுக்கு அது போதுமாகத்தான் இருந்தது. பிறகு பாதி மாதத்திலேயே முடியத் தொடங்கியது. உங்கள் தம்பி சின்னவனைச் சந்தேகித்தார். அவனோ கார்ட்டூன் பார்ப்பதையே விட்டுவிட்டதாகச் சத்தியம் செய்தான்.

ஒரு மத்தியானம் நான் உடுப்புக் காயப்போடப் பின்பக்கம் போனேன். நீங்கள் மெஷினில் போனைச் சாய்த்து வைத்துவிட்டுக் கதைத்துக்கொண்டிருந்தீர்கள். உங்கள் கைகள் அப்படிப் பறந்து நான் அதற்கு முன் கண்டதில்லை. வெயில் முருங்கையிலைகளுக்குள்ளால் விழுந்து உங்கள் விரல்களில் ஆடிக்கொண்டிருந்தது. வளையல் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. திரையில், காதோரம் நரைத்த ஒருவர் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். ஈர உடுப்போடு நான் அங்கேயே நின்றுவிட்டேன். ஒரு கனவுக்குள் தவறி நுழைந்ததுபோல இருந்தது.

அன்று பின்னேரம் தகப்பனுக்கும் மகனுக்கும் திரும்பவும் அதே வழக்கு. நீங்கள் வந்து மேசையில் உள்ளங்கையால் தட்டினீர்கள். நான்தான் என்று காட்டினீர்கள். நான் வாய்விட்டுச் சொல்லச் சொல்ல, எல்லாவற்றையும் சொன்னீர்கள். திரையில் நான் கண்டவர் காது கேளாதோர் விடுதிப் பள்ளியில் உங்களோடு படித்தவர். சண்டைக்காலம் ஒவ்வொருவரையும் ஒவ்வொரு பக்கம் கொண்டுபோனது. இப்போது வவுனியாவில் ஓர் அச்சகத்தில் வேலை. பழைய மாணவர்கள் எல்லோரும் வீடியோவில் கூடிய ஒரு நாளில்தான் திரும்பவும் கண்டுகொண்டீர்கள்.

இதையெல்லாம் ஏன் முன்னமே சொல்லவில்லை என்று தம்பி கேட்டார்.  உங்கள் கைகள் சொன்னதை நான் சொன்னேன்:

"நீங்கள் எல்லாரும் நாள் முழுக்கக் கதைக்கிறீங்கள். அதை ஒருத்தரும் அளக்கிறேல்லை. என்ர கதைக்கு மட்டும்தான் அளவு."

 உங்கள் தம்பிக்கு ஊர் என்ன கதைக்குமோ என்ற பயமும் இருந்தது. இரண்டு நாள் முகம் கொடுக்காமல் திரிந்தார். ஆனால் அதற்குப் பிறகு வீட்டில் ஏதோ ஒன்று தானாகவே மாறியது. அவர் செய்தியை ரேடியோவில் கேட்கத் தொடங்கினார். மகள் தன் வகுப்புகளில் படத்தை மூடிவிட்டுக் குரலை மட்டும் வைத்துக்கொண்டாள். சின்னவன் முற்றத்தில் பந்தடித்தான். மாமிக்கு வேணும் என்று ஆளுக்காள் சொல்லிக்கொண்டார்கள். மிச்சமாவது என்னவென்று கண்ணுக்குத் தெரியாது; ஆனால் பின்பக்கத்தில் உங்கள் வளையல்கள் குலுங்கும்போது எனக்கு அது கேட்கும்.

அப்படியிருந்தும் ஒரு மாதக் கடைசியில் அளவு முடிந்தது. வவுனியாவிலிருந்து அவர் ஏதோ கேட்கத் தொடங்கியிருந்தார். ஒரு கை நெஞ்சில், மற்றக் கை உங்களை நோக்கி நீண்டபடி. அப்படியே படம் உறைந்துவிட்டது. நீங்கள் போனைத் தொடவும் விடவில்லை, தொட்டால் ஆள் போய்விடுவார் என்பதுபோல. என்ன கேட்டாரென்று எழுதிக் கேளுங்கள் என்றேன். எழுதினீர்கள். வெகுநேரம் கழித்து மறுமொழி வந்தது: "இது எழுதிக் கேக்கிற விசயமில்லை. படம் வரட்டும்." அதை எனக்குக் காட்டியபோது உங்கள் முகம் சிவந்துபோயிருந்தது.

உங்கள் தம்பி வேலை முடிந்து கந்தோரால் வந்து, அந்த உறைந்த முகத்தை வெகுநேரம் பார்த்தார். அன்றுதான் அவரை முதன்முதலாகக் காண்கிறார். கடையில் காசு கட்டிக் கொஞ்சம் டேட்டா போடுவோமா என்று நான் கேட்டேன். வேண்டாம் என்றார். பிறகு உங்களுக்கு முன்னால் குந்தியிருந்து, நான் இடையில் வராமல், தனக்குத் தெரிந்த அரைகுறைக் கையால் தானே கதைத்தார்.

"இப்பிடியான விசயத்தை நேரிலதான் கேக்கவேணும் அக்கா. வவுனியாவுக்குப் பஸ் ஓடுதுதானே."

மறுநாள் காலை பஸ்ஸில் நாங்கள் மூவரும் போனோம். காடும் குளமும் காடுமாக வழி நீண்டுகொண்டே இருந்தது. தம்பி நித்திரை. நீங்கள் சீலைத் தலைப்புக்குக் கீழே, மடியில், ஒருவருக்கும் தெரியாமல் கையால் மறுமொழி சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தீர்கள். தனக்குள்ளே முணுமுணுக்கிற ஆள்போல. நான் காணாததுபோல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பஸ் நிலையத்தில் அவர் வெள்ளைச் சேர்ட்டோடு நின்றார். வாருங்கள், சுகமா என்ற பேச்சொன்றுமில்லை. படம் நின்ற இடத்திலிருந்தே தொடங்கினார், ஒரு கை நெஞ்சில், மற்றக் கை உங்களை நோக்கி. "மிச்சக் காலம் முழுக்க என்னோட கதைச்சுக்கொண்டு இருப்பீங்களோ?" சனம் நின்று பார்த்தது. நீங்கள் முதலில், உங்கட வீட்டில இன்ரநெற் இருக்கோ என்று கேட்டீர்கள். எங்களைக் காட்டி, இவர்களோடும் கதைக்கவேண்டும் என்றீர்கள். இருக்கு, ஆனால் அதுக்கும் அளவு இருக்கு என்றார் அவர். அதற்குப் பிறகுதான் உங்கள் கை மேலே எழும்பி, ஓம் என்றது. தம்பி அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்ததை நான் மட்டும்தான் கண்டேன்.

நீங்கள் வவுனியாவுக்குப் போன பிறகு நாங்கள் உங்களோடு கதைப்பதற்காக மிச்சம் பிடித்தோம். சில நல்ல வருஷங்கள். பிறகு சிறுநீரக வருத்தம் வந்தது.

கடைசியாகக் கதைத்ததும் ஒரு பின்னேரம்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் உங்கள் வலது கையில் ஊசி ஏற்றி, பிளாஸ்டர் போட்டுக் கட்டியிருந்தார்கள். இடது கையால் கதைத்தீர்கள். பாதிச் சொற்கள்தான் வந்தன. மீதியை முகத்தால் சொன்னீர்கள். படம் மட்டும் தெளிந்த தண்ணீர்போல இருந்தது. இங்கே வீட்டில் ஒருவரும் வேறெதற்கும் இன்ரநெற் போடவில்லை. மழையோ என்று கேட்டீர்கள். போனை வெளியே திருப்பித் துறைமுகத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தீர்கள். திரும்ப உங்கள் முகத்துக்கு வந்தபோது அந்த இடது கை மெல்ல எழுந்தது. "போதும். மிச்சத்தைப் பிள்ளையளுக்கு விடுங்கோ."

உங்கள் முப்பத்தோராம் நாள் கிரியை செய்து முடிந்த கிழமை, நான் அண்ணா என்று கூப்பிடுகிற உங்களவர் வீடியோவில் வந்தார்.  சாப்பிட்டீங்களோ என்று கையால் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை; கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பக் கேட்டேன். முகத்தைப் பொத்திக்கொண்டார். அழுது முடிந்துதான் சொன்னார்:

"நீங்கள் கதைக்கேக்குள்ள அவதான் கதைக்கிறா. அதே மணிக்கட்டு, அதே இழுவை."

நான் வேறொருவரிடமும் இந்தக் கைப்பேச்சைப் பழகவில்லை, மச்சாள். தாயின் பேச்சுச் சாயல் பிள்ளையின் நாக்கில் ஏறுவதுபோல, உங்கள் குரல் என் கைகளில் ஏறியிருக்கிறது. எனக்கே தெரியாமல் இத்தனை வருஷம் அதை வைத்துக்கொண்டு இந்தக் கைகளால்தான் சோறு வடித்தேன், தலை வாரினேன்.

இப்போது அவர் கிழமைக்கொருக்கால் வருகிறார். ஏதாவது கதையுங்கோ, எதெண்டாலும் பரவாயில்லை என்கிறார். நான் கதைக்கிறேன். மழை, மீன் விலை, சின்னவனின் பரீட்சை. அவர் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு, கண்வெட்டாமல், கேட்டுக்கொண்டிருக்கிறார்.