பச்சை போர்டுக்குக் கீழே

குற்றாலம்

அன்புள்ள அத்தானுக்கு,

சுஜிதா எழுதுகிறேன். அந்தப் பனிமலையில் கர்த்தர் உங்களுக்குப் போர்வையாக இருப்பாராக. இங்கே சாரல் விழுகிறது. அத்தைக்கு முட்டுவலி பரவாயில்லை. உங்கள் முகாமுக்குப் போன் எட்டவில்லை. எட்டினாலும் இதை வாயால் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

நான் வேலை பார்க்கும் லாட்ஜில் தீப்பிடித்துவிட்டது. சீசன் கூட்டம், மத்தியான நேரம். மாடியில் துணி அடுக்கும் அறையில் ஒயர் கருகிப் புகை கிளம்பியது. எல்லாரையும் இறக்கிவிட்டோம். அருவியில் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டோடு இருந்த ஒருவர் மட்டும் மேலே மாட்டிக்கொண்டார். அறை சுத்தம் செய்யும் குருவம்மாள் அக்கா, "வாட்டி, ஆளுக்கொரு தோளு குடுப்போம்" என்று ஓடினாள். வயிற்றுப் பிள்ளையை நினைக்கவே தோன்றவில்லை. நானும் ஓடினேன்.

கரண்ட் இல்லை. படிக்கட்டுக் கதவுக்கு மேலே 'எக்ஸிட்' போர்டு மட்டும் பச்சையாகத் தெரிந்தது. அதைப் பார்த்தே அவரைத் தாங்கி வந்தோம். கதவு இறுகிக் கிடந்தது. நாங்கள் தள்ளும்போது, சூட்டில் போர்டுக்குள் இருந்த கண்ணாடிக் குழல்கள் வெடித்து எங்கள் தலையில் கொட்டின. ஒருவழியாகக் கதவு திறந்தது. பிழைத்தோம் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் கரியைக் கிளறிய தீயணைப்பு அதிகாரி செந்தில்வேல், போர்டின் பின்னால் கதிரியக்க முத்திரையைப் பார்த்துவிட்டார். "யாரும் தொடாதீய! இதுக்குக் கீழ நின்னது யாரு?" என்று சத்தம் போட்டார். நாங்கள்தான் என்றேன். வெளிநாட்டில் இடித்த கட்டடத்திலிருந்து வந்த பழைய போர்டாம். கரண்டே வேண்டாம் என்று முதலாளி வாங்கி மாட்டியிருக்கிறார். உள்ளே ட்ரிட்டியம் என்ற கதிரியக்க வாயு, அதுதான் கரண்ட் இல்லாமலே ஒளிர வைக்குமாம்.

கதிரியக்கம் பரிசோதிக்க வந்தவர்கள் எங்கள் உடுப்பைப் பையில் கட்டி எடுத்துப் போனார்கள். சிறுநீரும் கேட்டார்கள். போர்டு உடையாதவரை ஆபத்தில்லையாம், அந்தக் கதிர் தோலைத் தாண்டாதாம். தீயில் உடைந்தால் வாயு நீராவியாக மாறி மூச்சிலும் தோலிலும் உள்ளே போகுமாம். நிறையத் தண்ணீர் குடித்தால் வெளியேறிவிடும் என்றார்கள். பிள்ளைக்கு என்று கேட்டேன். டாக்டரம்மா, "உங்க உடம்புல ஓடுத தண்ணிதானம்மா பிள்ளைக்கும்" என்றார்.

அன்றிலிருந்து குடம் குடமாகக் குடிக்கிறேன். ஒவ்வொரு வாய்க்கும் பயம். போன பிள்ளை தங்காமல் போனது நினைவுக்கு வந்துவிடுகிறது. "பெஞ்சமின்கிட்ட சொல்லாதட்டி, அங்கன துப்பாக்கி பிடிச்சு நிக்கவன் மனசு கெட்டுரும்" என்று அத்தை தடுத்தாள். அவளும் ராத்திரி தூங்குவதில்லை.

நேற்று முடிவு வந்தது. மூன்று பேர் உடம்பிலும் மிகக் குறைவுதானாம். பெரும்பாலும் புகையோடு மேலே போய்விட்டதாம், பிள்ளைக்குக் கவலை வேண்டாமாம். குருவம்மாள் அக்கா தெருவுக்கே பூந்தி கொடுத்தாள். நானும் வாங்கி வாயில் போட்டேன். இறங்கவில்லை.

இன்று ஸ்கேனில் டாக்டரம்மா பிள்ளையின் துடிப்பைத் தேடிய நேரம் எவ்வளவு நீளமாக இருந்தது தெரியுமா? கடைசியில் கேட்டது, அத்தான். குதிரை ஓடுவது மாதிரி கேட்டது. எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அழுகைதான் வந்தது.

அடுத்த ஸ்கேனுக்குள் லீவு கேட்டுப் பாருங்கள். காரணம் என்னவென்று கேட்டால் எதையாவது சொல்லுங்கள். நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம். பக்கத்தில் நின்று என் வயிற்றில் கை வைத்தால் போதும்.

உங்கள் வரவுக்காக ஜெபிக்கும்,
சுஜிதா